நடைபாதைக் குடும்பங்கள்: பட்டியல் முதலில், லாரி கடைசியில்

"நடைபாதையில் நடக்க வழியில்லை, குடும்பம் குடும்பமாகத் தங்கியிருக்கிறார்கள்" என்று சென்னை மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு ஒரு புகார் போகிறது. புகார் மண்டல அலுவலகம் வழியாக உதவிப் பொறியாளரின் மேசைக்கு வருகிறது. ஏழு நாளில் முடித்தாக வேண்டும். விடியற்காலையில் லாரி போகிறது. பாத்திரம், தார்ப்பாய், துணிமூட்டை எல்லாம் ஏற்றப்படுகின்றன. கோப்பில் "அகற்றப்பட்டது" என்று எழுதி மூடுகிறார்கள். பத்து நாள் கழித்து அதே குடும்பங்கள் அதே விளக்குக் கம்பத்தடியில் இருக்கும். லாரியில் போன ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிப் புத்தகம், காசநோய் மாத்திரை ஆகியவை மட்டும் திரும்பி வந்திருக்காது. அவற்றை மறுபடி வாங்கித்தர ஓராண்டு அலைய வேண்டும். அந்த ஓராண்டும் அவர்களுக்கு எந்தத் திட்டமும் கிடைக்காது.

பூக்கடை, வால்டாக்ஸ் சாலை, ராயபுரம், எழும்பூர் என்று சென்னையில் தலைமுறைகளாக நடைபாதையில் வாழும் குடும்பங்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மண்டல அலுவலர், வார்டு கவுன்சிலர், களப்பணியாளர் மூவரும் பயன்படுத்தலாம். மதுரைக்கும் கோவைக்கும் இதே வரிசை பொருந்தும்.

சட்டம் எங்கே நிற்கிறது

பம்பாய் நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதை இரு தரப்பும் பாதிப் பாதியாகத்தான் மேற்கோள் காட்டுகின்றன. பிழைப்புக்கான உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது தீர்ப்பு. நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை கிடையாது என்றும் அதுவே சொன்னது. ஆனால் அகற்றுவதற்கு நியாயமான நடைமுறை வேண்டும். முன்னறிவிப்பு கொடுத்து, அவர்கள் தரப்பைக் கேட்பதுதான் விதி. மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் வரை, அதாவது அக்டோபர் 31 வரை, அகற்றக் கூடாது என்றும் அன்று உத்தரவிட்டார்கள். அது பம்பாயின் தென்மேற்குப் பருவமழைக் கணக்கு. நமக்கு மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அதே நியாயப்படி சென்னையில் ஜனவரி முடியும்வரை யாரையும் கிளப்பக் கூடாது.

இன்னொரு தீர்ப்பைப் பற்றித் தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. வீடுகளை இடிக்கும் முன் 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சாலை, தெரு, நடைபாதை, ரயில்பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகியவற்றில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு அது பொருந்தாது என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. மனு எழுதும் களப்பணியாளர்கள் அதை நம்பி இறங்கினால் முதல் விசாரணையிலேயே வழுக்கும். ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பையும் கீழே வரும் வீடற்றோர் காப்பக விதிகளையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பம் அங்கேயே பூவோ பழமோ விற்கிறது என்றால் 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டமும் உண்டு. வியாபாரியை அப்புறப்படுத்த 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். உரியவர் கேட்டால், கட்டணம் பெற்றுக்கொண்டு, அழுகும் பொருளை அன்றே திருப்ப வேண்டும். மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்ப வேண்டும். "சாலை ஆக்கிரமிப்பு" என்று ஒரே சொல்லில் குடியிருப்பதையும் விற்பதையும் கலந்துவிடுவதால்தான் பூக்கூடை லாரியில் போகிறது.

இரவுக் கணக்கெடுப்பு

மொத்த வேலையில் பாதி இதுதான். இங்கே தவறினால் பிறகு எதுவும் சரிவராது.

பகலில் போனால் ஆள் இருக்க மாட்டார்கள். பெண்கள் வீட்டுவேலைக்கும் பூ கட்டவும் போயிருப்பார்கள். ஆண்கள் மூட்டை தூக்கவும், மீன்பாடி வண்டி ஓட்டவும், கேட்டரிங் வேலைக்கும் போயிருப்பார்கள். சுவரோரம் மடித்து வைத்த தார்ப்பாயைப் பார்த்து "நான்கு குடும்பம்" என்று எழுதிவிடுவார்கள். இரவில் அங்கே பதினோரு குடும்பம் படுத்திருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே வீடற்றோரை இரவில்தான் எண்ணுகிறார்கள். 2011-இல் பிப்ரவரி 28 இரவு எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர்.

நேரம் இரவு பத்தரை முதல் அதிகாலை நான்கு மணிக்குள். குறைந்தது இரண்டு இரவுகள், ஒரு வார இடைவெளியில். முகூர்த்த நாள் வேண்டாம், கேட்டரிங் ஆட்கள் மண்டபத்திலேயே படுத்துவிடுவார்கள். மழை இரவும் வேண்டாம், எல்லோரும் பாலத்தடிக்கோ கடை வாசலுக்கோ போயிருப்பார்கள். குழுவில் மூன்று பேர் போதும். ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். காக்கிச் சட்டை கூட வந்தால் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். தூங்குபவர்களை டார்ச் அடித்துப் படம் எடுக்காதீர்கள். அந்த இடத்தில் முதலில் விழித்திருக்கும் மூத்த பெண்ணிடம் உட்கார்ந்து பேசினால் மொத்தத் தெருவின் விவரமும் வரும்.

இடத்தை எழுதும்போது தெருப்பெயர் மட்டும் போதாது. எந்தக் கடையிலிருந்து எந்தக் கடை வரை, எந்தத் தெருவிளக்குக் கம்ப எண்ணுக்கு அருகில் என்று எழுதுங்கள். கடையின் பெயர்ப்பலகை மாறும். கம்ப எண் அப்படி மாறாது.

ஒவ்வொருவருக்கும் எழுத வேண்டியவை: பெயர், வயது, உறவு, எத்தனை ஆண்டாக இங்கே, என்ன வேலை, எத்தனை மணிக்குக் கிளம்புவார், தண்ணீர் எங்கே, கழிவறை எங்கே, குழந்தை எந்தப் பள்ளி, என்ன அட்டைகள் உள்ளன, கர்ப்பம், மாற்றுத்திறன், தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை. பெயரை அவர்களிடம் இருக்கும் அட்டையில் உள்ள எழுத்துப்படியே எழுதுங்கள். "செல்வி" என்பதும் "செல்வி மு." என்பதும் கணினிக்கு இரண்டு ஆட்கள். ஒரு முதலெழுத்துப் பிழையால் பின்னால் ஒதுக்கீட்டு ஆணையே நிற்கும்.

குடும்பம் என்பதை எப்படி எண்ணுவது என்பதில்தான் பெரிய அநியாயம் நடக்கிறது. ஒரே அடுப்பில் சமைத்தால் ஒரே குடும்பம் என்று எழுதிவிடுகிறார்கள். தாய், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், ஐந்து குழந்தைகள் எல்லாம் ஓர் எண். நடைபாதையில் அடுப்பு ஒன்றாக இருப்பது இடமில்லாததால். மணமான ஒவ்வொரு இணையையும், தனித்து வாழும் ஒவ்வொரு பெண்ணையும் தனிக் குடும்பமாகப் பதியுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு குடும்பத்துக்கும் வரிசை எண், தேதி, கையெழுத்து, முத்திரையோடு ஒரு சீட்டு கொடுங்கள். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்க இரண்டு ரூபாய் கூட ஆகாது. சீட்டு கொடுக்காமல் எடுத்த கணக்கெடுப்பை அதிகாரி மாறியதும் "அப்படி ஒன்று நடக்கவேயில்லை" என்று சொல்லிவிட முடியும்.

பட்டியல் முடிந்ததும் ஆட்களைப் பிரித்துப் பாருங்கள். தனியாக வந்த வெளியூர்த் தொழிலாளி, அரசு மருத்துவமனையில் நோயாளியைச் சேர்த்துவிட்டு வெளியே படுத்திருப்பவர், பிள்ளைகள் கைவிட்ட முதியவர், மனநலம் குன்றிய பெண், மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் என ஐந்து வகை ஒரே நடைபாதையில் இருக்கும். ஐவருக்கும் தேவை வேறு வேறு.

இடம் கிடைக்கும்வரை

மாற்று இடம் வர ஆறு மாதமோ இரண்டு ஆண்டோ ஆகலாம். அதுவரை அவர்கள் அங்கேதான் இருப்பார்கள். சுகாதார ஆய்வாளர் மனம் வைத்தால் உடனே செய்யக்கூடியவை சில. பக்கத்துப் பொதுக் கழிவறை இரவு பத்து மணிக்குப் பூட்டப்படுகிறதா என்று பாருங்கள். அதைத் திறந்து வைத்தாலே பெண்களின் பாதிப் பயம் குறையும், புகாரும் குறையும். ஒரு குப்பைத்தொட்டி வையுங்கள். குடிநீர்த் தொட்டி ஒன்று. பொதுக்குழாய்க்கே நபருக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்பது பொறியாளர்களின் கணக்கு. ஐம்பது பேர் இருந்தால் 2,000 லிட்டர். நடப்பவர்களுக்கு வழி வேண்டும் என்ற புகார் நியாயமானதே. சுவரோரமாக ஒதுங்கி, இவ்வளவு அடி வழி விட வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

முக்கியப் பிரமுகர் வருகிறார் என்பதற்காகப் பிச்சை தடுப்புச் சட்டத்தின் பேரில் வேனில் ஏற்றுவது தவறு. 1945-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பிச்சை எடுப்பதைப் பற்றியது, நடைபாதையில் தூங்குவதைப் பற்றியது அல்ல. இவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு உழைப்பவர்கள்.

மனநலம் பாதித்து அலைபவரைக் கண்டால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவைக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். அவரைக் காவலர்கள் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. தனித்திருக்கும் குழந்தைக்கு 1098, பெண்ணுக்கு 181, முதியவருக்கு 14567.

காப்பகம்

தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் 2013-இல் தொடங்கியபோது வகுத்த அளவுகளை இன்றும் அடிப்படையாகக் கொள்ளலாம். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம். ஒரு நபருக்கு 50 சதுர அடி. 24 மணி நேரமும், எல்லாப் பருவத்திலும் திறந்திருக்க வேண்டும். விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சிப் பகுதியில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 67 லட்சம் பேர். அப்படியானால் 6,700 பேருக்கு இடம் வேண்டும். உங்கள் ஊரின் கணக்கை நீங்களே போட்டு, மன்றக் கூட்டத்தில் கேளுங்கள். காகிதத்தில் இருக்கும் காப்பகங்களை நேரில் போய்ச் சரிபார்க்க உச்ச நீதிமன்றம் 2016 நவம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் குழு அமைக்கும் அளவுக்குக் காப்பகங்களுக்கான நிதி சரியாகச் செலவாகாமல் கிடந்தது.

ஐம்பது பேருக்கு 2,500 சதுர அடி. பழைய மாநகராட்சிப் பள்ளிக் கட்டடம் பெரும்பாலும் பொருந்தும். முதல் மாடி மட்டும் கிடைக்கிறது என்றால் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் அது உதவாது. வேலைக்குப் போகும் ஆண்களுக்கு ஒதுக்குங்கள். சாய்தளம், காற்றோட்டம், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, கொசு மற்றும் மூட்டைப்பூச்சி மருந்து, போர்வை துவைக்க ஏற்பாடு, பொதுச் சமையலறை, எரிவாயு இணைப்பு ஆகியவை விதியிலேயே உண்டு.

பூட்டுடன் கூடிய தனி அலமாரியும் விதியில் உண்டு, ஆனால் அதை ஆடம்பரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத காப்பகத்தில் படுப்பவர்கள் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு விழித்தே கிடப்பார்கள். இரண்டு முறை திருட்டுப் போனால் நடைபாதைக்கே திரும்புவார்கள். அங்கே பக்கத்தில் தெரிந்தவர்களாவது இருக்கிறார்கள்.

காப்பகங்கள் காலியாகக் கிடப்பதற்கு வேறு மூன்று காரணங்களும் உண்டு. ஒன்று, தூரம். பூக்கடையில் அதிகாலை மூன்று மணிக்கு நிற்க வேண்டியவரை ஆறு கிலோமீட்டர் தள்ளிப் படுக்கச் சொன்னால் அவர் வரமாட்டார். நடந்து போகும் தூரத்துக்குள் இடம் பாருங்கள். இரண்டு, நேரக் கட்டுப்பாடு. மாலை ஆறு முதல் காலை ஆறு வரைதான் என்றால் இரவு மூட்டை தூக்குபவர் பகலில் எங்கே தூங்குவார்? மூன்று, குடும்பத்தைப் பிரிப்பது. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஆண்களுக்கு ஒரு காப்பகம், பெண்களுக்கு ஒரு காப்பகம். பத்து, பன்னிரண்டு வயது மகனை எங்கே விடுவது என்று கேட்டால் பதில் இருக்காது. கணவனையும் மகனையும் விட்டுவிட்டுத் தாய் மட்டும் கட்டிலில் போய்ப் படுக்க மாட்டாள், படுக்கவும் கூடாது. குடும்பங்களுக்கென்று தடுப்பறைகளோடு தனிக் காப்பகம் அமைக்க அந்த இயக்கத்தின் வழிகாட்டியில் இடம் இருக்கிறது. உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் குடும்பங்கள் என்றால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஐம்பது பேருக்கு ஒரு பொறுப்பாளரும், எட்டு மணி நேர முறையில் மூன்று பராமரிப்பாளர்களும் வேண்டும். இதற்கு இயக்கம் வைத்த பராமரிப்பு நிதி ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய், அதாவது மாதம் 50,000. நான்கு பேர் சம்பளம், மின்கட்டணம், துப்புரவு, பழுது எல்லாம் அதற்குள் அடங்காது. எனவே மின்சாரத்தையும் குடிநீரையும் மாநகராட்சியே தன் கணக்கில் ஏற்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே தீர்மானம் போடுங்கள். நடத்தும் தொண்டு நிறுவனத்துக்குத் தவணை மூன்று மாதம் தள்ளிப்போனால் முதலில் வேலையை விட்டு நிற்பவர் இரவுப் பராமரிப்பாளர்தான். இரவில் ஆளில்லாத காப்பகத்துக்குப் பெண்கள் வரமாட்டார்கள்.

உணவுக்குப் பக்கத்து அம்மா உணவகத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சமையலறைக்கு அதை மாற்றாக வைக்காதீர்கள். கைக்குழந்தைக்குக் கஞ்சி வைக்க அடுப்பு வேண்டும்.

அட்டைகள்

இடம் மாறும் முன்பே தொடங்குங்கள். வரிசை முக்கியம்: ஆதார், பிறகு ரேஷன், பிறகு மற்றவை.

முகவரிச் சான்று இல்லாதவருக்கு ஆதார் ஆணையமே ஒரு சான்றிதழ் படிவம் வைத்திருக்கிறது. கவுன்சிலர், சட்டமன்ற உறுப்பினர், அரசிதழ் அலுவலர், அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் ஆகியோர் கையெழுத்திடலாம். மூன்று மாதம்தான் செல்லும். புகைப்படத்தின் மேல் பாதியும் தாளில் பாதியுமாகக் கையெழுத்தும் முத்திரையும் விழ வேண்டும். அடித்துத் திருத்திய படிவத்தைத் திருப்பிவிடுவார்கள். எனவே இரண்டு வெற்றுப் படிவம் கூடுதலாக எடுத்துப் போங்கள்.

ரேஷனில் சிக்கல் வேறு. ஒரே காப்பக முகவரியில் இருபது விண்ணப்பம் போனால் சந்தேகப்பட்டு நிறுத்துவார்கள். இணையத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்காமல், பட்டியலோடும் பொறுப்பாளர் கடிதத்தோடும் உணவு வழங்கல் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். ரேஷன் கார்டு இல்லாமல் மகளிர் உரிமைத் தொகையும் இல்லை, மருத்துவக் காப்பீடும் கடினம்.

வாக்காளர் அட்டைக்கு முகவரிச் சான்றே தேவையில்லை என்பது பல அலுவலர்களுக்கே தெரியாது. படிவம் 6-இல் தூங்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து அவர் அங்கே தூங்குகிறாரா என்று ஒன்றுக்கு மேற்பட்ட இரவு பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணைய விதி. கம்ப எண் எழுதிய உங்கள் பட்டியல் இங்கே கைகொடுக்கும்.

பிறப்பைப் பதியாமல் ஓராண்டு கடந்த குழந்தைக்குக் கோட்டாட்சியர் ஆணை வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். ஆனால் வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது.

அறிவிப்பும் அந்த நாளும்

காப்பகமோ ஒதுக்கீட்டு வீடோ சாவியோடு தயாரான பிறகுதான் தேதி குறிக்க வேண்டும். பள்ளித் தேர்வு முடிந்த மே மாதம் ஏற்றது. அறிவிப்பு தமிழில், ஒரு பக்கத்துக்குள்: ஏன், எந்தத் தேதி, எந்த இடத்துக்கு, யாரைக் கேட்பது, ஆட்சேபம் இருந்தால் எங்கே எத்தனை நாளுக்குள். இரவு எட்டு மணிக்கு மேல் கொடுத்து, வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பகல் பதினொன்றுக்குச் சுவரில் ஒட்டிவிட்டுப் படமெடுத்துக்கொண்டு போவது அறிவிப்பு ஆகாது.

போவதற்கு முன் குடும்பத்துக்கு ஒருவரையாவது புதிய இடத்தைப் பார்க்க அழைத்துப் போங்கள். வீட்டுவசதிக்காக நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தை அணுகினால் பெரும்பாலும் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்கள்தான் வரும். கண்ணகி நகர் தொடங்கியதிலிருந்து நாம் பார்த்துவரும் பாடம்தான்: வேலை பாரிமுனையில் இருக்க, வீடு அங்கே என்றால் ஆள் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிழைப்பைத் தேடித் திரும்புவார். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது உண்மை. ஆனால் பூ ஏலத்துக்குப் போக அதிகாலை இரண்டு மணிக்குப் பேருந்து இல்லை. அதனால் அருகிலேயே குடியிருப்பு கேட்டு மனு போடுங்கள், அது வரும்வரை குடும்பக் காப்பகத்தில் வையுங்கள். வீட்டுக்கான பங்களிப்புத் தொகை கட்ட முடியாதவர்களை முன்பே குறித்து, தள்ளுபடிக்கோ வங்கிக் கடனுக்கோ ஏற்பாடு செய்யுங்கள். கட்டக் கந்துவட்டி வாங்கினால் வீடு சில மாதத்தில் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

அந்த நாளில் குடும்பத்துக்கு ஒரு குட்டியானை வண்டி. குப்பை லாரியில் ஏற்றாதீர்கள். அது அவர்களுடைய வீட்டுச் சாமான். சாமான் பட்டியல் இரண்டு படி, ஒன்று அவர்களிடம். அட்டைகள், மாத்திரை, பணம் உள்ள பையை அவர்கள் கையிலேயே விடுங்கள். தொழிற்கருவியை, அது பூக்கூடையோ இஸ்திரிப் பெட்டியோ மீன்பாடி வண்டியோ, எக்காரணம் கொண்டும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. காசநோய் மருந்து எடுப்பவரின் நிக்ஷய் எண்ணை, அதாவது அரசின் காசநோய்ப் பதிவு எண்ணைப், புதிய இடத்தின் சுகாதார நிலையத்துக்கு அன்றே மாற்றச் சொல்லுங்கள். ஆறு மாதச் சிகிச்சை நடுவில் அறுந்தால் மருந்துக்கு மசியாத காசநோயாக மாறிவிடலாம்.

பிறகு

நடைபாதை காலியாகிவிட்டதா என்று பார்ப்பது சோதனை அல்ல. சீட்டு எண் வாரியாக ஒவ்வொருவரும் எங்கே தூங்குகிறார்கள் என்று ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் கழித்து அதே குழு இரவில் போய்ப் பார்க்க வேண்டும். பழைய இடத்திலும் பாருங்கள், அடுத்த இரண்டு தெருக்களிலும் பாருங்கள். திரும்பி வந்தவர் இருந்தால், அவர் பெயரை "வீடு பெற்றும் ஆக்கிரமித்தவர்" என்று அடித்துவிடாமல், காரணத்தைச் சீட்டு எண்ணுக்கு நேரே எழுதுங்கள்: வேலை தூரம், குடிகாரக் கணவன், பள்ளி கிடைக்கவில்லை, லிஃப்ட் ஓடவில்லை, காப்பகத்தில் திருட்டு. ஒரே காரணம் நான்கு சீட்டில் வந்தால், அடுத்த தெருவில் கணக்கெடுப்பைத் தொடங்கும் முன் அதைச் சரிசெய்ய மண்டல அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள்.